கடைசி இரண்டு இலக்கங்கள்

நவம்பர் 24, திங்கள்

காலையில் தண்ணீர் மோட்டார் எரிந்து போயிற்று. மெக்கானிக்கிற்கு நான்கு முறை போன் செய்தேன். "இந்தா வாரேன் சார்" என்று நான்கு முறையும் சொன்னான். இந்த ஊரில் வருகிறேன் என்று சொல்பவன் எவனும் வருவதில்லை. இரண்டு குவளைத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன்.

துறைக்கூட்டம். வைரவிழாக் கட்டடம் டிசம்பர் 22 அன்று திறக்கப்படுகிறது. அதன் முகப்பில் கறுப்புக் கல்லில் என் எண்ணைப் பொறிக்கப்போவதாகப் பிரின்சிபால் இசக்கிராஜன் அறிவித்தார். மே மாதம் ஓய்வு பெறுகிறேன். அதற்கு முன்னால் இந்த மரியாதையாம். எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் பவுலின் மட்டும் தட்டவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். துறைக்கு வந்து மூன்று வருடமாகிறது. என் எண்ணைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை.

என் எண் என்றால் 1991-இல் என் ஆய்வேட்டில் நான் கண்ட பகா எண். முப்பத்தொரு இலக்கம். ஒன்றாலும் தன்னாலும் அல்லாமல் வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. குற்றாலிங்கம் என்று கேட்டால் இந்த ஊரில் யாருக்கும் தெரியாது. 'பிரைம் சார்' வீடு என்றால் ஆட்டோக்காரன் வாசலில் கொண்டுவந்து இறக்குவான். ஒவ்வோர் ஆண்டு விழாவிலும் நான் மேடையேறி அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நான் ஓர் இலக்கம் சொல்ல, பிள்ளைகள் மொத்தமாகத் திருப்பிச் சொல்வார்கள். கடைசியில் "நான்கு, ஒன்று" என்று முடித்ததும் விசில் பறக்கும்.

கல் வேலையைப் பவுலினிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பொறுப்பில்லாதவள் என்று பிரின்சிபாலிடம் சொன்னேன். "அவங்களேதான் கேட்டு வாங்கிக்கிட்டாங்க சார்" என்கிறார். கேட்டு வாங்கினாளாமே, எதற்கு?

நவம்பர் 26, புதன்

பவுலின் என் அறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"சார், நம்பரை உங்க கைப்பட எழுதிக் குடுங்க. கல் வெட்டுறவருக்குக் குடுக்கணும்."

"என் ஆய்வேடு நூலகத்துலதான இருக்கு. அதைப் பாத்து எழுதிக்கிட வேண்டியதுதான?"

"பாத்தேன் சார். முழுசாவே படிச்சேன். இருந்தாலும் நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டாத்தான் சரியா இருக்கும்."

எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வோர் இலக்கமாக விரல் வைத்துச் சரிபார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. முழுசாகப் படித்தாளாம். முப்பத்து நான்கு வருடமாக அந்தப் புத்தகத்தை எவனும் எடுத்ததில்லை. எடுக்கிற ஆள் என்றால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

நவம்பர் 27, வியாழன்

மோட்டார் சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரனின் ஒலிபெருக்கி சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் தொல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

பவுலின் பல்கலைக்கழகத்திற்கு விடைத்தாள் திருத்தப் போய்விட்டாள். அவளுடைய வகுப்பு என் தலையில் விழுந்தது. மூன்றாம் ஆண்டு, நான்காம் அலகு. அந்த அலகை நான் எடுப்பதே இல்லை. வருடா வருடம் இளையவர்கள் யாருக்காவது தள்ளிவிடுவேன். அனுபவம் வரட்டும் என்பதற்காக.

பகா எண் சோதனை. ஓர் ஒற்றை எண் பகா எண் என்றால், இரண்டை அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான தடவை பெருக்கி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி ஒன்று வரும். 7-ஐ எடுத்துக்கொண்டால், இரண்டை ஆறு தடவை பெருக்கினால் 64. ஏழால் வகுத்தால் மீதி ஒன்று. ஆனால் மீதி ஒன்று வந்துவிட்டால் பகா எண் என்று சொல்ல முடியாது. 341-க்கும் மீதி ஒன்றுதான் வரும். 341 என்பதோ 11 பெருக்கல் 31. இரண்டுக்குப் பதில் மூன்றைப் போட்டால் 341 மாட்டிக்கொள்ளும். 561 அதைவிடப் பெரிய கள்ளன். அதோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணைப் போட்டுச் சோதித்தாலும் தேறிவிடும். உடைத்துப் பார்த்தால் 3, 11, 17. இவற்றுக்குப் போலிப் பகா எண்கள் என்று பெயர்.

கரும்பலகையில் இதை எழுதிவிட்டுத் திரும்பினால் முன் பெஞ்சில் மகிழ்மலர் என்ற பெண் கையைத் தூக்குகிறாள்.

"சார், உங்க நம்பரையும் இந்தச் சோதனை வச்சுத்தான கண்டுபிடிச்சீங்க? எத்தன எண் போட்டுச் சோதிச்சீங்க சார்?"

"நாலு. ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு. நாலுக்கும் மீதி ஒண்ணு."

"அப்போ 561-க்கு..."

வெளியே போ என்றேன். வகுப்பில் குறுக்கே பேசினால் வெளியே அனுப்புவது நியாயம்தான். வருகைப்பதிவிலும் குறைத்தேன். அதுவும் நியாயம்தான். இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

டிசம்பர் 5, வெள்ளி

ஓய்வூதியத்திற்குப் பணிப்பதிவேட்டு நகல் வேண்டும். செண்பகம் பீரோவை முழுக்கக் கவிழ்த்துவிட்டாள். என் மனைவிக்கு ஒரு பொருளைத் தேடச் சொன்னால் மற்ற எல்லாப் பொருளும் கிடைக்கும்.

"இது யாரு புக்கு? நீல அட்டை போட்டுக் கெடக்கே."

"பழைய பேப்பர். உள்ள வை."

"பேப்பர்ங்கீய, பைண்டு பண்ணியில்லா இருக்கு."

"வைன்னா வையேன்!"

வைத்துவிட்டாள். நகல் கடைசியில் தலையணை உறைகளுக்கு அடியில் இருந்தது.

டிசம்பர் 10, புதன்

சங்கரன்கோவில் பேருந்தின் முதுகில் விளம்பரம்: 'ஐயாதுரை பயிற்சி மையம். வங்கித் தேர்வு, குரூப் 4.' படத்தில் ஐயாதுரைக்குத் தலை நரைத்திருக்கிறது. என்னிடம் ஆய்வு மாணவனாக இருந்தவன். முடிக்கவில்லை. நான்காம் இயலை எடுத்துவிடு, கையெழுத்துப் போடுகிறேன் என்று வழிகாட்டி சொன்னால் எடுக்க வேண்டியதுதானே? எடுக்கமாட்டேன் என்றான். 2006-இல் பதிவுக் காலம் முடிந்துவிட்டது. காலம் முடிந்தால் நான் என்ன செய்ய முடியும்? இதை ஏன் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை. பேருந்துகளில் விளம்பரம் ஒட்டுவதைத் தடை செய்ய வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

கல் வந்துவிட்டது. போர்வை போர்த்திக் கட்டடத்தின் முகப்பில் நிறுத்தியிருந்தார்கள். வெட்டிய ஆவுடையப்பன் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தார். விலக்கிக் காட்டச் சொன்னேன்.

'பேராசிரியர் குற்றாலிங்கம் கண்டறிந்த பகா எண்.' கீழே என் எண். இலக்கம் இலக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். இருபத்தொன்பதும் சரி. கடைசி இரண்டு: 87.

நான்கு, ஒன்று அல்ல. எட்டு, ஏழு.

மறுபடி விரல் வைத்துப் பார்த்தேன். அதேதான்.

"இது என்னவே?" என்றேன்.

"சீட்டுல உள்ளதத்தான் சார் வெட்டுனேன்" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அது என் சீட்டு அல்ல. பவுலின் கையெழுத்து. "திருத்த முடியுமா?" என்று கேட்டேன். "கல்லுல எப்படி சார் அழிக்க? வேற கல்லுதான். நாளு பத்தாதே."

அவளைத் தொலைத்துவிடுவேன். விளக்கம் கேட்டு மெமோ தயார் செய்துவிட்டேன். வேலையில் அலட்சியம், நிறுவனத்திற்கு அவமானம். நாளைக்குக் கையில் கொடுப்பேன்.

டிசம்பர் 19, வெள்ளி

கதவைச் சாத்திக்கொண்டு மெமோவை நீட்டினேன். வாங்கி நிதானமாகப் படித்தாள். முகத்தில் பயமே இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம்.

"தாராளமா குடுங்க சார். பதில் எழுதிடுதேன். ஆனா பதில்ல மூணு எண் இருக்கும்."

"என்ன மூணு எண்?"

"பெருக்கினா உங்க நம்பர் வரும். போன்லயே ரெண்டு செகண்டுல பிரிஞ்சிருச்சு சார். கல்லுல இருக்கதுதான் பகா எண். நீங்க சொல்லுதது இல்ல."

"கடைசி ரெண்டை மாத்துனா வரும்னு உனக்கு யாரு சொன்னது?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

"யார் சொன்னதுன்னு உங்களுக்கே தெரியுமே சார். நாலாவது இயல், கடைசிப் பக்கம். நான் பிளஸ் டூ படிக்கும்போது ஐயாதுரை சார்கிட்டதான் டியூஷன். கையெழுத்துப் பிரதி அவர்கிட்ட இருக்கு. பைண்டு பண்ணுன ஒரே காப்பி உங்ககிட்ட குடுத்தாராம். தொலைஞ்சு போச்சுன்னு சொன்னீங்களாம்."

"அப்படின்னா என் பேரை ஏன் விட்டு வச்ச?"

"பேரை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல சார். அது நீங்க செய்யவேண்டியது. தப்பான எண்ணைக் கல்லுல வெட்ட எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்."

மெமோவை என் மேஜைமேல் வைத்துவிட்டு வகுப்பு இருக்கிறது என்று போய்விட்டாள். திமிர் பிடித்தவள். இப்படியொரு திமிர் பிடித்தவளை நான் பார்த்ததே இல்லை. ஒரே ஒருவனைத் தவிர.

டிசம்பர் 20, சனி

மெமோவைக் கிழித்தேன். மூன்று மாத்திரை ஒன்றாகப் போடலாமா என்று மருந்துக்கடைக்காரனைக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

டிசம்பர் 21, ஞாயிறு

பிரின்சிபாலுக்குப் போன் செய்து தொண்டை கட்டிவிட்டது, இந்த வருடம் மனப்பாடம் வேண்டாம், கல்லைத் திறந்தால் போதும் என்றேன்.

"நல்லா கேட்டீங்க சார்! நீங்க சொல்லாம என்ன விழா? பிள்ளைங்க எல்லாம் கல்லைப் பாத்துக்கிட்டே கூடச் சொல்றதா ஏற்பாடு. சுக்கு வெந்நீர் குடிங்க."

கல்லைப் பார்த்துக்கொண்டே. முப்பத்து நான்கு வருடமாக ஐயாதுரையைத் தவிர எவனும் வகுத்துப் பார்க்கவில்லை. கை தட்டுகிறவன் வகுத்துப் பார்க்கமாட்டான் என்று நம்பித்தான் இருந்தேன். இப்போது எல்லாரும் பார்த்துப் படிக்கப்போகிறார்கள். நான்கு, ஒன்று என்று சொன்னால் கல் தப்பு என்பார்கள், விசாரணை வரும், பவுலின் அந்த மூன்று எண்ணையும் நீட்டுவாள். எட்டு, ஏழு என்று சொன்னால் ஒன்றும் நடக்காது. ஒருவருக்கும் தெரியாது. சொல்லவேண்டியது இரண்டே இலக்கம்.

அந்த இரண்டு இலக்கத்தையும் சொல்ல என் வாய் கூசுகிறது.

டிசம்பர் 22, திங்கள்

பத்தரைக்குத் திறப்பு. பந்தலில் கூட்டம். பொன்னாடை போர்த்தினார்கள், கழுத்தில் அரித்தது. போர்வையை விலக்கியதும் கல் வெயிலில் மின்னிற்று. மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

தொடங்கினேன். நான் ஓர் இலக்கம், ஆயிரம் தொண்டை ஓர் இலக்கம். பத்தாவது இலக்கம் வரும்போது பந்தலின் பின்னால், குடிதண்ணீர் டிரம் பக்கத்தில், ஐயாதுரை நிற்பதைப் பார்த்தேன். பவுலின்தான் வரச்சொல்லியிருப்பாள். விளம்பரத்தில் இருப்பதைவிட வயதாகிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் அறையில் நிற்கும்போதும் அப்படித்தான் நிற்பான்.

இருபத்தொன்பதாவது இலக்கத்தில் நின்றுவிட்டேன்.

பிள்ளைகள் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சார் மறந்துவிட்டார் என்று நினைத்தார்கள். முதல் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, வாய்க்கு இருபுறமும் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்:

"எட்டு சார்! எட்டு!"

நான் வெளியே அனுப்பின மகிழ்மலர். எல்லாரும் சிரித்தார்கள். பிரின்சிபாலும் சிரித்தார்.

"எட்டு" என்றேன். "ஏழு."

விசில். கைதட்டல். பிரின்சிபால் என்னைக் கட்டிக்கொண்டார். ஐயாதுரை தட்டவில்லை. பக்கத்தில் நின்றவர் தட்டும்படி முழங்கையால் இடித்தார். அப்போதும் தட்டவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். அப்புறம் டிரம்மில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து பொன்னாடையை நாற்காலியில் போட்டேன். செண்பகமும் விழாவுக்கு வந்திருந்தாள். காப்பியைக் கொண்டுவந்து வைத்தவள் நகரவில்லை.

"கடைசில மாத்திச் சொன்னீயளே."

"கல்லுல அப்படித்தான் இருக்கு."

"கல்லுல இருக்கது கெடக்கட்டும். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசமா தெனமும் சவரம் பண்ணும்போது சொல்லுதீய. எனக்குக் கணக்குத் தெரியாட்டாலும் காது கேக்கும். நாலு ஒண்ணுன்னுல்லா முடியும்? எட்டு ஏழு யாரு நம்பரு?"

ஒன்றும் தெரியாதவள் என்று நான் நினைத்திருந்த ஒரே ஆள். கோபமாகக் கத்திவிட்டுக் குளியலறைக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். எழுந்தவன் அப்படியே நின்றேன்.

"ஐயாதுரை நம்பர்."

அவளுக்கு நினைவு வரச் சற்று நேரமாயிற்று.

"சொதிக் கொழம்புன்னா ரெண்டு மட்டம் சோறு வாங்கிச் சாப்பிடுமே, அந்தப் புள்ளையா? கடைசியா வந்த அன்னைக்கு வாசல்ல செருப்ப மாட்டத் தெரியாம அழுதுட்டுப் போச்சே. என்னன்னு கேட்டதுக்கு, சோம்பேறி, படிக்க மாட்டேங்கான்னு சொன்னீயளே என்கிட்ட?"

"சொன்னேன்."

"அந்த நீல புக்கு அதோடதா?"

"ஆமா."

காப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் இன்னும் குடித்திருக்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

செண்பகம் பேசவில்லை. சமைக்கிறாள், வைக்கிறாள், போகிறாள். காலையில் சவரம் செய்யும்போது நானும் எதுவும் சொல்லவில்லை. முகத்தில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன்.

பீரோவிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்து நான்காம் இயலை மறுபடி படித்தேன். முதல் வரியிலேயே எனக்கு நன்றி சொல்லியிருக்கிறான். 'என் வழிகாட்டியின் எண்ணிலிருந்து தொடங்குகிறேன்' என்கிறான். என்னைக் குற்றம் சாட்டி ஒரு வார்த்தை இல்லை. மூன்று காரணிகளையும் கொடுத்துவிட்டு, இப்படிப்பட்ட பெரிய போலிப் பகா எண் தற்செயலாகக் கிடைப்பது அபூர்வம், அதனால் ஆசிரியரின் கண்டுபிடிப்பு இன்னொரு வகையில் அரியது என்று எழுதியிருக்கிறான். பிறகு, கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றினால் கிடைக்கும் உண்மையான பகா எண். அதற்கு ஏழு பக்க நிரூபணம். ஒரு பிழைகூட இல்லை. பிழை தேடித்தான் படித்தேன். அன்றைக்கும் பிழை தேடித்தான் படித்தேன்.

பாவிப்பயல், என் மானத்தைக் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறான். அது எனக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

டிசம்பர் 26, வெள்ளி

பிரின்சிபாலுக்குக் கடிதம். கல்லில் உள்ள எண் ஐயாதுரையுடையது, பெயரை மாற்றவும், என் ஆய்வேட்டு எண் பகா எண் அல்ல, இது எனக்கு 2006-இலிருந்து தெரியும். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். நான்காவது பையில் இருக்கிறது.

டிசம்பர் 28, ஞாயிறு

சங்கரன்கோவில் பேருந்தில் நின்றுகொண்டே போனேன். பையில் நீலப் புத்தகம். பேருந்து நிலையத்தில் ஒரு தபால் பெட்டி. கடிதத்தை உள்ளே தள்ளினேன். தள்ளியதும், திரும்ப எடுக்க முடியுமா என்று விரலை விட்டுப் பார்த்தேன். முடியாது.

பயிற்சி மையம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல் மாடியில். ஞாயிறு என்றும் பாராமல் வகுப்பு. என்னைக் கண்டதும் சாக்பீஸை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தான். வணக்கம் சொல்லவில்லை.

"என்ன சார்?"

புத்தகத்தை நீட்டினேன். அட்டையைப் பார்த்தான். கை நீட்டவில்லை.

"தொலைஞ்சு போச்சுன்னீங்க."

"இல்ல. பீரோவுல இருந்துது. அன்னைக்கும் அங்கதான் இருந்துது."

உள்ளே பிள்ளைகள் எட்டிப்பார்த்தார்கள். கதவை இழுத்துச் சாத்தினான். மாடிக் கைப்பிடிச் சுவரில் புத்தகத்தை வைத்து, வழிகாட்டியின் சான்றிதழ்ப் பக்கத்தைத் திறந்தேன். 'இந்த ஆய்வு இவருடைய சொந்த உழைப்பு என்று சான்றளிக்கிறேன்.' கீழே பத்தொன்பது வருடமாகக் காலியாகக் கிடந்த கோடு. கையெழுத்துப் போட்டேன். இடம் எழுதினேன். நாள் என்ற இடத்தில் பேனா நின்றது.

"2006 ஏப்ரல் போட்டுருதேன். பல்கலைக்கழகத்துல எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கு. காலக்கெடுவுக்குள்ள கையெழுத்தாயிட்டுதுன்னு நான் பேசிப் பாக்கேன்..."

"இன்னைக்குத் தேதி போடுங்க சார்."

"இன்னைக்குத் தேதி போட்டா இது ஒண்ணுக்கும் செல்லாதேப்பா."

"தெரியும்."

"பின்ன?"

"செல்லணும்னு நான் கேக்கல. இன்னைக்குத் தேதி போடுங்க."

போட்டேன். 28.12.2025.

புத்தகத்தை வாங்கிக்கொண்டான். மை காயும்வரை மூடாமல் கையிலேயே பிடித்திருந்தான். என்னை உட்காரச் சொல்லவில்லை.